மீதி நாட்கள் என்று ஒரு வரி

ஓம் சரவணபவ.

இந்த முறை கோயில் பயணக் கட்டுரை இல்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதறேன். நம்மில் நிறைய பேர் தெரியாமலே செய்யக்கூடிய தப்பு அது.

பிறந்த தேதியைப் போட்டா எத்தனை நாள் வாழ்ந்திருக்கோம், இதயம் எத்தனை தடவை துடிச்சிருக்கும், எத்தனை பௌர்ணமி கடந்திருக்கும்னு காட்டற லிங்க் அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுத்தும், பார்த்திருப்பீங்க. அப்படி ஒண்ணை 2024-ல் நானே எழுதினேன். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன், வீடு அண்ணனூர். ஒரு சனிக்கிழமை ராத்திரி சும்மா என் வயசை நாள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 10,000 நாள் தாண்டி சில வாரம் ஆகியிருந்தது. ஒரு மனுஷனுக்கு 27 வயசும் நாலரை மாசமும் ஆகும்போது 10,000-வது நாள் வரும். எனக்கு அது ஆபீஸ் ரிலீஸ் வேலையில் தெரியாமலே போயிருக்கு. நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னு வெச்சா அந்த நாளில் இதயம் 100 கோடியைத் தாண்டியிருக்கும். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதைப் பக்கமா போட்டா எல்லாருக்கும் பிடிக்கும்னு தோணுச்சு.

எழுத எழுத ஆர்வம் கூடிச்சு. தேதிக் கணக்கு பார்க்க ஈஸி, உள்ளே போனா வம்பு. 2000 லீப் வருஷம், 1900 லீப் வருஷம் இல்லை. எக்செல் இன்னைக்கு வரைக்கும் 1900-ஐ லீப் வருஷம்னுதான் வெச்சிருக்கு. எல்லாத்தையும் சரி பண்ணேன். கடைசியா, பக்கம் கொஞ்சம் 'பவர்ஃபுல்லா' இருக்கட்டும்னு ஒரு வரி சேர்த்தேன்: 'மீதி நாட்கள்'. இந்தியாவின் சராசரி ஆயுள் 70. அதில் வயசைக் கழிச்சா மீதி. கோடில் ஒரே ஒரு வரி.

2024 அக்டோபர் 1 ராத்திரி லிங்கை வீட்டு குரூப்பில் போட்டேன். முதலில் திறந்தவர் அப்பா. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதியைப் போட்டார், 01-06-1963. திரையில் வந்தது இது: வாழ்ந்த நாட்கள் 22,403. மீதி நாட்கள் 3,165. கீழே ஒரு பச்சைப் பட்டை, 88 சதவீதம் நிரம்பியிருக்கு.

"நல்லாத்தான்டா பண்ணியிருக்க"ன்னார். அவ்ளோதான்.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது "இன்னிக்கு 3,164" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அடுத்த நாள் "3,163". நானும் சிரிச்சேன். அம்மா மட்டும் சிரிக்கல. "என்னங்க இது காலங்காத்தால, வேற பேச்சே இல்லையா" என்று டம்ளரை நங்குன்னு வெச்சாங்க.

அந்த வாரம்தான் பல் டாக்டர்கிட்ட போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வலது பக்கம் நாலு பல் போயிடுச்சு. நிலையா பல் பொருத்திடலாம்னு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். செலவு கொஞ்சம் அதிகம், ஆனா நான் கட்டறதா முடிவாகியிருந்தது. அப்பா போகல. "இன்னும் எட்டரை வருஷத்துக்கு இவ்ளோ காசா? வேணாம்பா. இடது பக்கமா மென்னுக்கறேன்" என்றார்.

நான் எழுதின ஒரு வரி எங்க அப்பாவோட நாலு பல்லை வேண்டாம்னு சொல்லிடுச்சு. இப்ப நினைச்சா சிரிப்பு வருது. அன்னிக்கு வரல.

ஞாயித்துக்கிழமை மதியம் இந்தப் பேச்சு ஓடும்போது அப்பத்தா ஹாலில் படுத்திருந்தாங்க. எங்க பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா வேலைக்காக இங்க வந்தவர். தினமும் அண்ணனூரில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போவார். அப்பத்தா பின்னாடி வந்து சேர்ந்தாங்க. படுத்த வாக்கிலேயே கேட்டாங்க: "யாருக்குய்யா அறுபத்தொண்ணு?"

"அப்பாவுக்குத்தான் அப்பத்தா."

"இன்னும் அறுபதே முடியலையே. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சுல்ல, அந்தப் புயல் அடிச்ச மூணாம் நாள் பொறந்தான். வெள்ளிக்கிழமை விடியக்காலை. பூர நட்சத்திரம். குரோதி வருசம், மார்கழி."

தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு அடிச்சது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே கடலில் போன ராத்திரி அது. 23, 24, 25. மூணாம் நாள் 25-12-1964. அப்படியே லேப்டாப்பை எடுத்து கிழமை பார்த்தேன், வெள்ளி. நட்சத்திரம் கணக்கிட்டேன், பூரம். வருஷம் பார்த்தேன், குரோதி. மூணும் பொருந்துச்சு.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா ஒரு தேதியைப் புயல், கிழமை, நட்சத்திரம், மாசம், வருஷம்னு அஞ்சு இடத்தில் சேமிச்சு வெச்சிருந்தாங்க. ஒண்ணு தப்பினா இன்னொண்ணு காட்டிக் கொடுத்துடும். சர்டிபிகேட்டில் இருக்கிறது ஒரே ஒரு எண். அது தப்பா இருந்தா கண்டுபிடிக்கவே வழியில்லை.

"அப்ப சர்டிபிகேட்ல எப்படி 63 வந்துச்சு?"

அப்பத்தா எழுந்து உட்கார்ந்தாங்க. 1968 ஜூன். தாத்தா உடம்பு முடியாம கிடந்த நேரம். அப்பத்தா களையெடுக்கப் போகணும். மூணரை வயசுப் பிள்ளையை விட்டுட்டுப் போக ஆள் இல்லை, வீட்டில் மதியத்துக்கு எதுவும் இல்லை. பெரியத்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இவரையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. காமராசர் காலத்தில் வந்த மதிய உணவு அங்க உண்டு. தலைமை ஆசிரியர் பிள்ளையைப் பார்த்தார், அப்பத்தாவைப் பார்த்தார். அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் சேர்க்க முடியும். ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு 01-06-1963 என்று எழுதிட்டார். ஒரே கையெழுத்தில் 573 நாள் கூடிப்போச்சு.

அந்த 573 நாளுக்கு விலை உண்டு. கம்பெனியில் 58 வயசில் ஓய்வு. அப்பா 2021 மே 31 அன்னிக்கு, கொரோனா இரண்டாம் அலை நடுவில், வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நிஜத்தில் அப்ப அவருக்கு 56 வயசும் அஞ்சு மாசமும். ஒன்றரை வருஷத்துக்கு மேல் சம்பளம் போச்சு. நான் அதை கணக்கு போட்டுச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அப்பா சொன்னார்: "சம்பளம் போச்சுதான். ஆனா அன்னியிலேர்ந்து ஒரு நாளும் நான் மதியம் பட்டினி கிடந்ததில்ல."

இதுக்கு அப்புறம்தான் என் கேள்வி ஆரம்பமாச்சு. அந்த ஆசிரியர் எழுதினது பொய்யான எண். நான் காட்டினது, என் கையில் இருந்த தகவலுக்கு, சரியா கணக்கிட்ட எண். இதில் எது அறம்?

முதலில் என் எண் எவ்வளவு சரின்னு பார்த்தேன். 70 என்பது அரசின் மாதிரிப் பதிவு முறை 2016-20 காலத்துக்குக் கொடுத்த சராசரி. அது அந்தக் காலத்தில் பிறக்கிற குழந்தைக்கான சராசரி. பிறந்த சில நாளிலேயே இறந்துபோகிற குழந்தைகளும் அதில் சேர்த்தி. 60 வயசைத் தொட்டவர் அந்த ஆபத்தையெல்லாம் ஏற்கனவே தாண்டி வந்தவர். 60 வயசுக்காரங்களுக்கு சராசரியா இன்னும் சுமார் 18 வருஷம்னு அதே அரசுக் கணக்கில் இருக்கு. அதாவது என் கோடு தேதியைத் தப்பா வாங்கினது மட்டுமில்லை, கழித்தலே தப்பு.

இன்னொரு பக்கமும் பாருங்க. அப்பா பிறந்த 1960-களில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 45. அன்னிக்கு யாராவது என் பக்கத்தை எழுதியிருந்தா, அப்பாவோட கணக்கு 2009 டிசம்பர் 25-ல் முடிஞ்சிருக்கும். அதுக்கு ஆறு நாள் கழிச்சு, டிசம்பர் 31, அப்பா எங்களைத் திருத்தணிக்குக் கூட்டிட்டுப் போனார். அண்ணனூரில் ஏறினா திருவள்ளூர், அரக்கோணம் தாண்டி திருத்தணி. அன்னிக்குப் படித்திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வெச்ச விழா அது. வருஷத்தின் 365 நாளுக்கும் ஒரு படி, ஒவ்வொரு படியிலும் சூடம், திருப்புகழ். எனக்கு அப்ப 12 வயசு. கால் வலிக்குதுன்னு அழுதப்ப அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கிட்டு ஏறினார். கணக்குப்படி 'மீதி' மைனஸில் போன மனுஷன்.

சராசரி என்பது ஊருக்கு உண்டு, ஆளுக்கு இல்லை. அதைத் திட்ட வரல. வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த எட்மண்ட் ஹாலிதான் 1693-ல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வெச்சு ஆயுள் அட்டவணை போட்டார். அந்த வழியில்தான் இன்சூரன்ஸும் பென்ஷனும் நடக்குது. ஆயிரம் பேருக்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்கணும்னு அது சொல்லும். ஆனா ஒருத்தர் பல் கட்டலாமா வேண்டாமான்னு சொல்லாது. நான் ஊருக்கான எண்ணை எடுத்து ஒரு ஆளோட நெத்தியில் ஒட்டிட்டேன்.

அப்போ வயசைக் கணக்கு போடறதே தப்பா? அப்படி எனக்குத் தோணல. நம்ம பெரியவங்க மாதிரி கணக்கு போட்டவங்க யாரு? நிமிஷத்துக்கு 15 மூச்சு, ஒரு நாளைக்கு 21,600 என்று சித்தர் மரபில் சொல்லுவாங்க. தில்லைப் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்று சொல்றதும் அந்தக் கணக்குதான். குரு ராசிச் சக்கரத்தைச் சுத்த சுமார் 12 வருஷம், சனிக்கு சுமார் 30. ரெண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ரெண்டு கிரகமும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிக்கும்போது நமக்கு மணிவிழா. ஆயிரம் பிறை கண்டவருக்கு சதாபிஷேகம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது 80 வயசும் சுமார் 10 மாசமும். பக்காவான கணக்கு.

ஆனா இதில் ஒண்ணைக் கவனிங்க. இந்த விழாவெல்லாம் வந்து சேர்ந்ததை எண்ணுது. மீதியை எண்ணி யாரும் விழா எடுக்கலை. ஆயிரம் பிறை கண்டாச்சு என்று மாலை போடுவாங்களே தவிர, இன்னும் எத்தனை பிறைன்னு கேட்க மாட்டாங்க.

இங்க ஒருத்தர் மறுத்துக் கேட்கலாம்: ஜாதகத்தில் ஆயுள் பார்க்கிற பழக்கம் நம்மகிட்ட இல்லையா? இருக்கு. மார்க்கண்டேயர் கதையே அதுதானே, பதினாறு வயசு என்று எல்லை சொல்லப்பட்ட பிள்ளை. அந்தப் பிள்ளை எண்ணை வெச்சு எதையும் குறைச்சுக்கல, போய் லிங்கத்தைக் கட்டிக்கிச்சு. அந்தத் திருக்கடையூரில்தான் இன்னைக்கும் அறுபதாம் கல்யாணம் கூட்டம் கூட்டமா நடக்குது. நம்ம அருணகிரிநாதரை நினைச்சுப் பாருங்க. எல்லாம் முடிஞ்சதுன்னு அவரே கணக்கை மூடிட்டு திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தார், முருகன் தாங்கினான் என்பது நமக்குத் தெரிஞ்ச வரலாறு. நாம இன்னைக்குப் பாடற திருப்புகழ் முழுக்க அவர் 'மீதி 0' என்று நினைச்ச நாளுக்கு அப்புறம் வந்தது.

சரி, உண்மையா இருந்தா எந்த எண்ணையும் சொல்லலாமா? இதைப் பல நாள் யோசிச்சேன். ஒரு டாக்டர் டெஸ்ட் எல்லாம் எடுத்து, எதிரில் உட்கார வெச்சு, நிலைமை இப்படின்னு சொன்னா அது கடுமையா இருந்தாலும் நமக்கு உரிமையான உண்மை. அவர் அந்த உடம்பைப் பார்த்திருக்கார். அதை வெச்சு நாம செய்ய வேண்டியதும் இருக்கும். என் பக்கம் எதைப் பார்த்துச்சு? எட்டு இலக்கம். பிறந்த நாளை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு இறக்கிற நாளைச் சொல்ற மாதிரி நடிச்சுது. அது கடுமையா இருந்ததுகூடப் பரவாயில்லை, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டினதுதான் தப்பு.

தலைமை ஆசிரியர் விஷயத்துக்கு வரேன். அவர் எழுதினது பொய். அதனால ஒரு குடும்பத்துக்கு 573 நாள் சம்பளம் நஷ்டம். அதை நான் மூடி மறைக்க மாட்டேன். பொய்யான தேதி எங்கேயோ ஒரு நாள் யாரையாவது கடிக்கும். ஆனா அவர் எண்ணை எழுதறதுக்கு முன்னாடி எதிரில் நின்ன முகத்தைப் பார்த்தார். நான் முகத்தையே பார்க்காம ஒரு எண்ணை அனுப்பினேன், அதுவும் சொந்த அப்பாவுக்கு. அவர் தப்பான எண்ணை எழுதி ஒரு பிள்ளைக்கு சோறு போட்டார். நான் லீப் வருஷமெல்லாம் சரி பார்த்து ஒரு பெரியவரை மெல்ல விடாம பண்ணேன். அவர் செஞ்சது முழுக்க சரின்னு சொல்ல எனக்கு தைரியம் இல்லை. அவரை விட நான் நேர்மையானவன்னு சொல்லவும் இப்ப வாய் வரல.

வயசு என்கிற எண்ணே மனுஷன் வெச்ச ஒழுங்குதான். தென் கொரியாவில் 2023 ஜூனில் வயசு கணக்கிடற முறையைச் சட்டத்தில் மாத்தினாங்க. மக்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் ஒண்ணு ரெண்டு வயசு குறைஞ்சாங்க. யாரோட முழங்காலும் அதனால இளமை ஆகல. எண் ஒரு கருவி. யார் கையில் கொடுக்கறோம், எதுக்குக் கொடுக்கறோம்னு பார்க்கணும், அவ்ளோதான்.

அன்னிக்கு ராத்திரியே அந்த வரியை அழிச்சேன். பச்சைப் பட்டையையும் எடுத்துட்டேன். வாழ்ந்த நாள், பிறை, மூச்சு எல்லாம் அப்படியே இருக்கு. அதோட பிறந்த தமிழ் வருஷம், மாசம், நட்சத்திரம் காட்டற மாதிரி சேர்த்தேன். அப்பத்தாகிட்ட, "உங்க தேதி சொல்லுங்க, எத்தனை பிறை பார்த்திருக்கீங்கன்னு பார்ப்போம்" என்றேன். அட்டையில் அவங்களுக்கு ஜனவரி 1 என்று இருக்கு.

"நான் பொறந்தது எனக்கு எப்படித் தெரியும்யா? எம் புள்ள பொறந்ததுதான் தெரியும்" என்றாங்க.

அந்த வருஷம் மறுபடி குரோதி. அறுபது வருஷம் சுத்தி, அப்பா பிறந்த அதே வருஷப் பேர் திரும்ப வந்திருந்தது. மண்டபம், பத்திரிகை எதுவும் இல்லை. டிசம்பரில், மார்கழி பூரத்தன்னிக்கு சுவாமிமலை போனோம். அங்க 60 படி, அறுபது தமிழ் வருஷத்துக்கும் ஒவ்வொண்ணு, உங்களுக்குத் தெரியும். அப்பா ஒவ்வொரு பேரா படிச்சுக்கிட்டே ஏறினார். பிரபவ, விபவ, சுக்ல... அம்மா பிறந்த வருஷத்தில் நின்னு கும்பிட்டார். பிரபவவிலிருந்து எண்ணினா குரோதி 38-வது. அந்தப் படி வந்ததும் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிட்டார்.

நான் விளையாட்டா, "இன்னும் 22 படி மீதி இருக்குப்பா" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "மீதியை ஏன்டா எண்ற? மேல சாமி இருக்கு, வா" என்று ஏற ஆரம்பிச்சுட்டார்.

பொங்கல் முடிஞ்சு பல் டாக்டர்கிட்ட போனார். இப்ப நாலு பல்லும் இருக்கு. சாயங்காலம் முறுக்கு சாப்பிடற சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்குது. ஆபீஸ் கால் நடுவில் மியூட் போட மறந்தா அங்க இருக்கிறவங்களுக்கும் கேட்கும்.

நண்பர்களே, இந்த மாதிரி லிங்க் உங்களுக்கு வந்தா ஜாலியா உங்க தேதியைப் போட்டுப் பாருங்க. எத்தனை பிறை வந்ததுன்னு பார்த்து முருகனுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. 'மீதி' என்று ஒரு வரி இருந்தா, அதை வீட்டுப் பெரியவங்களுக்கு அனுப்பாதீங்க. அதுக்குப் பதிலா உட்கார்ந்து, "நீங்க பொறந்த அன்னிக்கு ஊர்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்க. பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!